வெட்டியும் ரோபோவும்: மிச்சமான நேரத்தின் கணக்கு

'ரோபோ' என்ற சொல்லை எந்திரன், எந்திர மனிதன் என்றெல்லாம் தமிழில் பெயர்த்துக்கொண்டு விட்டோம். 2010இல் வந்த சினிமா அந்தப் பெயரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் சொல்லின் வயிற்றில் இருந்த ஒன்று வழியில் நழுவிப்போச்சு. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி, 1921 ஜனவரியில் பிராகா நகரில் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வருகிறது. எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோதா' என்றால், நிலப்பிரபுவின் மண்ணில் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு.

நம்மிடம் இதற்கு நேர்ச்சொல்லே இருக்கிறது: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் கடமை, அந்தராயம், எச்சோறு, முட்டையாள் என்று அடுக்கிக்கொண்டு போகும் வரிசையில் வெட்டியும் வரும். வரி என்று நாம் படித்துவிட்டுப் போகிறோம். அது உடம்பால் கட்டிய வரி. அமஞ்சி என்றும் சொல்வார்கள். திருவிதாங்கூரில் அதன் பெயர் ஊழியம். கூலியில்லாத வேலையைக் குறித்த 'வெட்டி' பிற்பாடு பயனில்லாத வேலையைக் குறிக்க ஆரம்பித்து, கடைசியில் வேலையே இல்லாமல் சும்மா இருப்பதைக் குறிக்கும் சொல்லாக வந்து நின்றது. 'வெட்டியா இருக்கான்' என்று சொல்லும்போது, அவனுடைய பாட்டன் செய்த கூலியில்லாத வேலையையும் சேர்த்தே சொல்கிறோம். எந்திரம் வந்தபின் வெளியே அனுப்பப்பட்டவனுக்கும் இதே சொல்தான். ரோபோ என்பதன் இரண்டு முனைகளையும், அதாவது கட்டாயமாய் உழைப்பவன், உழைக்க இடமில்லாதவன் ஆகிய இருவரையும், ஒரே சொல்லில் பிடித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. 'எந்திரன்' என்று மொழிபெயர்த்ததில் இந்த வரலாறுதான் காணாமல் போனது.

ரொபோதாவைச் சுற்றி நடந்த சண்டை நாள்கணக்குச் சண்டை. வாரத்தில் எத்தனை நாள் ஆண்டைக்கு, எத்தனை நாள் தனக்கு? 1775இல் போஹீமியாவில் குடியானவர் கலகம் வெடித்தது. படையைக் கொண்டு அதை அடக்கிய பிறகு, அதே ஆண்டில் மரியா தெரேசா அரசி ஒரு ஆணை பிறப்பித்தாள்: ரொபோதா வாரத்துக்கு மூன்று நாளுக்கு மிகக்கூடாது. முழுக்க ஒழிய 1848இன் புரட்சி வேண்டியிருந்தது. இதே அரசியின் முன்னால்தான், ஐந்தாண்டுகளுக்கு முன்பு 1770இல், கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை காய் நகர்த்தும். பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருப்பான். பெருங்கதையில் உதயணனைச் சிறைபிடிக்கப் பிரச்சோதனன் அனுப்பிய எந்திர யானையின் வயிற்றிலும் வீரர்கள் இருந்தார்கள். எந்திரத்தைக் காட்டி ஆளை மறைப்பது பழைய வித்தை. 2005இல் அமேசான் நிறுவனம், கணினிக்குச் சரிவராத சில்லறை வேலைகளை உலகமெங்கும் உள்ளவர்களிடம் காசுக்கணக்கில் கொடுத்து வாங்க ஆரம்பித்த சேவைக்கு அந்தத் துருக்கிப் பொம்மையின் பெயரையே வைத்தது. இது கூச்சமா, கூச்சமின்மையா தெரியவில்லை.

ரோபோ பற்றிப் பேசும்போது எதிர்காலம் பற்றிப் பேசுவதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வேலை போகுமா, போகாதா என்ற ஜோசியம். நான் பேச நினைப்பது பழைய நாள்கணக்கு. எந்திரம் வந்ததால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்? அதை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்? அளவுகோல் யார் கையில்?

*

1954இல் அமெரிக்கரான ஜார்ஜ் டெவால் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961இல் கிடைத்தது. அந்த ஆண்டே நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற பெயரில் அந்தக் கை வேலைக்கு நின்றது. அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து அப்புறம் வைப்பதுதான் வேலை. தொழிற்சாலை ரோபோவின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். யாரும் நின்று பார்க்காத ஒன்று அந்தக் காப்புரிமையின் தலைப்பு. அதில் ரோபோ என்ற சொல் இல்லை. 'முன்கூட்டி நிரல் வகுத்தபடி பொருளை இடம் மாற்றுதல்' என்றுதான் அதற்குப் பொருள். ஆக்குவதைவிட இடம் மாற்றுவதில்தான் தன் எந்திரத்தின் சாரம் இருக்கிறது என்று டெவாலுக்கே தெரிந்திருக்கிறது.

மூலதனத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆலைக்குள் வைத்தே படித்துப் பழகிவிட்டோம். தறி, நூற்பு, உலை, பெல்ட். சரக்கு ஆலைக்கு வெளியே வந்தபின் என்னாகிறது என்பதை வணிகவியல் மாணவர்களிடம் விட்டுவிட்டோம். தூக்குவது, இறக்குவது, அடுக்குவது, தேடி எடுப்பது. 'விநியோகச் சங்கிலி' என்று இப்போது பெயர் வைத்திருக்கும் இந்த வெளியில்தான் ரோபோவின் நிஜமான அரசியல் நடந்திருக்கிறது.

1954இல் 'வாரியர்' என்ற கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் போனது. அதன் சரக்கை ஆராய்ச்சிக்காக ஒவ்வொன்றாக எண்ணினார்கள்: 1,94,582 உருப்படிகள். மூட்டை, பெட்டி, பீப்பாய், தபால் பை, வீட்டுச் சாமான். ஒவ்வொன்றும் மனிதக் கை பட்டு ஏறி, மனிதக் கை பட்டு இறங்கியது. அடுத்த இரண்டாண்டில், 1956 ஏப்ரல் 26 அன்று, லாரி முதலாளி மால்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலம் அது. பெட்டியில் 16 சென்ட்டுக்கும் குறைவு.

கண்டெய்னருக்குக் கையும் இல்லை, மூளையும் இல்லை. அதை யாரும் ரோபோ என்று சொன்னதில்லை. ஆனால் ரோபோ நடமாடக்கூடிய உலகத்தைச் செய்து கொடுத்தது அதுதான். மூட்டைக்கு மூட்டை பிடி வேறு; ஈரச் சாக்கை ஒருவிதமாகவும் பீப்பாயை ஒருவிதமாகவும் தூக்க வேண்டும். அது கலாசியின் தோளுக்குத் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. எல்லாப் பொருளையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் போட்டு மூடியதும் அந்தத் தோளின் அறிவு தேவையற்றுப் போனது. முதலில் பொருள்களை ஒரே மாதிரி ஆக்குகிறார்கள். எந்திரம் பிறகு வருகிறது. ரோட்டர்டாம் துறைமுகத்தில் 1993இல் ஆளில்லா வண்டிகள் கண்டெய்னர் சுமந்து ஓட ஆரம்பித்தபோது, அந்தப் பெட்டி முப்பத்தேழு வருஷமாக அவற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

*

அமெரிக்க மேற்குக் கரையில் இந்தப் பெட்டியை எதிர்கொண்டவர்களின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் தொழிற்சங்கத் தோழர்கள் இதை அதிகம் பேசியதில்லை.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் 1934க்கு முன்னால் தினமும் விடியற்காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து 'நீ வா, நீ வா' என்று பொறுக்குவான். நம்மூர் முச்சந்திகளில் சித்தாளும் கொத்தனாரும் நிற்கும் காட்சியேதான். மேஸ்திரிக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தவனுக்கு வேலை. சங்கம் பேசியவனுக்கு இல்லை. 1934 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பில் ஆறு மணிநேர வேலைநாளும், வேலை பிரித்துக் கொடுக்கும் கூடமும் கிடைத்தன. கூடத்தை முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து நடத்தினாலும், ஆளைக் கூப்பிடுகிற அலுவலர் சங்கத்தின் ஆள். குறைந்த மணிநேரம் வேலை செய்தவனுக்கு அடுத்த வேலை முதலில் என்பது விதி. நேரத்தை அளக்கும் கோலைத் தொழிலாளி தன் கைக்கு மாற்றிக்கொண்ட அபூர்வமான தருணம் இது.

அதன்பின் கால் நூற்றாண்டு அந்தக் கோலை வைத்துக்கொண்டு அவர்கள் சின்னச் சின்ன விதிகளைக் கட்டினார்கள். கப்பலுக்குள் இறக்கும் ஒரு தூக்குக்கு 2,100 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 950 கிலோவுக்கு மேல், எடை கூடாது. எட்டுப் பேர் குழுவில் நான்கு பேர் வேலை செய்யும்போது நான்கு பேர் உட்காருவது. முதலாளிகள் இதற்குச் 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைத்தார்கள். இடுப்பு ஒடியாமல் அறுபது வயது வரை உயிரோடு இருப்பதற்கு வேறு பெயர் அவர்களிடம் இல்லை.

1957இல் சங்கத்தின் கூட்டத்தில் கேள்வி வந்தது. எந்திரம் வரப்போகிறது. இரண்டு வழி: ஒவ்வொரு துறைமுகமாக மறித்து நின்று தள்ளிப்போடுவது, இல்லாவிட்டால் வழிவிட்டு அதற்கு விலை கேட்பது. தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் என்று சொல்லி அமெரிக்க அரசு பல வருஷம் அவரை நாடு கடத்தப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தது. அப்படிப்பட்டவர் விலை கேட்கும் பக்கம் நின்றார். 1959இல் முதலாளிகள் சங்கம் 15 லட்சம் டாலர் கட்டியது. எந்திரத்தால் எத்தனை ஆள்மணி மிச்சமாகிறது என்று அளந்து அதில் பங்கு கொடுப்பது என்று பேச்சு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்ச நாளில் அளப்பது ரொம்பச் சிக்கல் என்று அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 1960 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மொத்தத் தொகை ஒன்று நிர்ணயம் ஆனது: ஐந்தரை ஆண்டுகளுக்கு 2 கோடியே 90 லட்சம் டாலர். பதிவு பெற்ற ஆள் யாரையும் எந்திரத்தைக் காரணம் காட்டி அனுப்பக்கூடாது. வாரத்துக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம். முன்கூட்டி ஓய்வு பெற்றால் பணம். பதிலுக்கு அந்தச் சின்னச் சின்ன விதிகளெல்லாம் போயின.

அந்த விலை மலிவு என்று பிற்பாடு கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். முதலாளிகளுக்கு மிச்சமானது கொடுத்ததைவிடப் பெரிது. மிச்சமான மணிநேரத்தை அளக்கும் உரிமையை விட்டுக்கொடுத்த இடத்திலேயே அது தீர்மானமாகிவிட்டது. ரொபோதாவை நாளாக எண்ணிய போஹீமியக் குடியானவனுக்காவது தான் எத்தனை நாள் இழக்கிறோம் என்று தெரியும். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆரம்ப வருஷங்களில் உற்பத்தித்திறன் உயர்ந்ததற்கு எந்திரம் அவ்வளவு காரணமில்லை. விதி போனதும் தூக்கின் எடை ஏறியது. நான்கு பேர் உட்காருவது நின்றது. வியர்வைதான் கூடியது. 1963 வாக்கில் சங்கமே முதலாளிகளைப் பார்த்து, சீக்கிரம் எந்திரத்தைக் கொண்டுவா என்று கேட்கும்படி ஆனது. எந்திரத்தை எதிர்க்கிற தொழிலாளி என்று வரைந்து வைத்திருக்கிற சித்திரத்தில் இது எங்கே பொருந்தும்?

ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு கூட்டம் இருந்தது. 'பி' ஆட்கள் என்று பெயர். முழுப் பதிவு இல்லாதவர்கள், சங்கத்தில் ஓட்டு இல்லாதவர்கள். 'ஏ' ஆட்கள் வேண்டாம் என்று விட்ட வேலை, பெரும்பாலும் கப்பலின் அடித்தளத்தில் சுமக்கிற வேலை, அவர்களுக்கு. 1963இல் சான் பிரான்சிஸ்கோவில் 82 பி ஆட்களின் பதிவை ஒரேயடியாக ரத்து செய்தார்கள். அதில் ஒருவர் ஸ்டான் வியர். பிறகு துறைமுக உழைப்பைப் பற்றி முக்கியமாக எழுதியவர். பல வருஷம் கோர்ட்டில் அலைந்து அவர்கள் தோற்றார்கள். பிரிட்ஜஸின் ஒப்பந்தத்தை 'எந்திரத்தில் தொழிலாளிக்குப் பங்கு' என்று கொண்டாடுகிறவர்கள் இந்த 82 பேரை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பவனுக்குக் கிடைத்த உத்தரவாதத்தின் ஒரு பகுதியை வெளியே நின்றவன் கட்டினான். நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் என்று ஒரே ஆலைக்குள் மூன்று ஜாதி வைத்திருக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருந்தும் நான் அந்த ஒப்பந்தத்தைத் தூக்கிப்போடத் தயாரில்லை. எந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் முதலாளியின் இயற்கைச் சொத்து அல்ல, அது பேரத்துக்கு உரியது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்த ஆவணம் அது. அப்படிப்பட்டவை உலகத்தில் அதிகம் இல்லை.

இந்தியாவில் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. தொழிலாளியைப் பதிவு செய். முறைவைத்து வேலை கொடு. வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சம் ஏதாவது கொடு. சான் பிரான்சிஸ்கோவில் ரத்தம் சிந்தி வாங்கியதற்கு அண்ணன் தம்பி முறைதான். 1997இல் அந்தச் சட்டம் பெரிய துறைமுகங்களுக்குப் பொருந்தாமல் செய்ய வழிவிட்டு இன்னொரு சட்டம் வந்தது. 2001இல் சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் தனியாரிடம் போனது. இந்த வரலாறு தமிழில் இன்னும் எழுதப்படவில்லை. எழுதவேண்டியவர்கள் ஓய்வு பெற்று வடசென்னையில் இருக்கிறார்கள்.

*

மேற்குக் கரைச் சங்கத்தின் முழுப்பெயரில் துறைமுகத்தோடு கிடங்கும் உண்டு. முப்பதுகளில் அவர்கள் கரையிலிருந்து நகருக்குள் நடந்து, குடோன் குடோனாகப் போய் ஆட்களைச் சேர்த்தார்கள். சரக்கு எங்கே போகிறதோ அங்கே சங்கமும் போகவேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. அறுபது, எழுபது வருஷம் கழித்து அந்தக் குடோன்தான் ரோபோவின் வீடாயிற்று.

வெப்வான் என்று ஒரு கம்பெனி. வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தருவதாகச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவழித்து 2001 ஜூலையில் திவாலானது. அதில் வேலை பார்த்த மிக் மவுன்ட்ஸ், ஒரு பொருளைத் தேடி எடுத்துக் கட்டுவதற்கு ஆகும் செலவே கம்பெனியைத் தின்றது என்று கண்டார். ஆள் அலமாரியைத் தேடி நடக்கிறான். அந்த நடைக்குக் கூலி கொடுக்கிறோம். அலமாரியை ஆளிடம் நடக்க வைத்தால் என்ன? 2003இல் 'கீவா' கம்பெனி பிறந்தது. தரையோடு தரையாக இருக்கும் ஆரஞ்சு நிற வண்டி அலமாரியின் அடியில் புகுந்து, அதைத் தூக்கிக்கொண்டு தொழிலாளி நிற்கும் இடத்துக்கு வரும். 2012 மார்ச்சில் அமேசான் 77 கோடியே 50 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்கியது. 2025இல் தன் கிடங்குகளில் பத்து லட்சமாவது ரோபோ வேலைக்கு வந்துவிட்டது என்று அறிவித்தது. மனிதர்கள் உலகமெங்கும் அப்போது பதினைந்து லட்சத்துக்கும் மேல்.

ரோபோ இல்லாத கிடங்கில் ஒரு ஷிஃப்டுக்குப் பத்து மைலுக்கும் மேல் நடந்ததாகத் தொழிலாளிகள் சொல்லியிருக்கிறார்கள். ரோபோ அந்த நடையை மிச்சப்படுத்தியது என்பது கம்பெனியின் வாதம். உண்மைதான். அந்த மிச்சம் எங்கே போனது என்று பார்ப்போம். நடந்தபோது மணிக்கு நூறு பொருள் எடுத்த இடத்தில், அலமாரி தானே வந்து நிற்க ஆரம்பித்ததும் முந்நூறு, நானூறு என்று இலக்கு ஏறியது. இரண்டு அலமாரிக்கு நடுவே நடந்த நாற்பது தப்படி வேலையாக மட்டும் இருக்கவில்லை. அது மூச்சும்கூட. கை தொங்கும், தோள் இறங்கும், எதிரே வருபவளிடம் ஒரு வார்த்தை பேசலாம். துறைமுகத்தில் நான்கு பேர் உட்கார்ந்த அந்த இடைவெளி இங்கே நடையாக உருமாறி ஒளிந்திருந்தது. ரோபோ அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது. பத்து மணிநேரம் ஒரே இடத்தில் நின்று, குனிந்து, எட்டி, திரும்பி, அதே கை அதே தோள். 'ரிவீல்' என்ற புலனாய்வு அமைப்பு 2020இல் கம்பெனியின் உள்பதிவுகளை வைத்து வெளியிட்ட கணக்கின்படி, 2016 முதல் 2019 வரை ரோபோ இருந்த கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் ரோபோ இல்லாத கிடங்குகளைவிட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். கம்பெனி இந்த வாசிப்பை மறுத்தது.

இந்தக் கிடங்கில் பொருள்களுக்கென்று நிரந்தர இடம் கிடையாது. காலியாக இருக்கும் பொந்தில் எதையும் வைக்கலாம். புத்தகத்துக்குப் பக்கத்தில் பல்பொடி, அதற்குப் பக்கத்தில் நாய்ச் சங்கிலி. எது எங்கே என்று கணினிக்கு மட்டும் தெரியும். பழைய குடோனில் இருபது வருஷம் இருந்த ஆளிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 'மூணாவது வரிசை, கீழ்த்தட்டு' என்பார். அந்த அறிவு அவருக்கு ஒரு சின்ன அதிகாரம். அவரைத் திடீரென்று அனுப்பிவிட முடியாது. இடத்தைப் பற்றிய அறிவை ஆளிடமிருந்து பிரித்து எடுத்ததும் யாரையும் யாராலும் ஒரே நாளில் மாற்றலாம் என்றாகிறது. ஃபூக்கோவைப் படித்துக் காலஅட்டவணையும் கண்காணிப்பும் பற்றி நாம் நிறையப் பேசினோம். அந்தக் கண்காணிப்பாளன் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற பயத்தில் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். இங்கே பயம்கூடத் தேவைப்படவில்லை. பொருளை ஸ்கேன் செய்யும் கருவியே கணக்கெழுதுகிறது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே ஆகும் விநாடிகள் 'வேலையில் இல்லாத நேரம்' என்ற தலைப்பில் தானாகச் சேருகின்றன. எச்சரிக்கைச் சீட்டையும் கணினியே தயார் செய்து கொடுத்துவிடும்.

1847இல் இங்கிலாந்தில் பத்து மணிநேரச் சட்டம் வந்தபோது, நாளை நீட்டமுடியாத முதலாளி எந்திரத்தின் வேகத்தைக் கூட்டினான் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தின் எந்திர அத்தியாயத்தில் காட்டுகிறார். நேரத்தின் நீளத்தில் இழந்ததை அதன் அடர்த்தியில் எடுப்பது. அளவுகோல் சுருங்கிக்கொண்டே வந்திருப்பதைப் பாருங்கள். மரியா தெரேசாவின் ஆணையில் நாள். 1934 தீர்ப்பில் மணி. கிடங்கில் விநாடி. நாளை எண்ணக் குடியானவனுக்கு வானம் போதும். மணியை எண்ணத் தொழிலாளியிடம் கடிகாரம் இருந்தது. விநாடியை எண்ணும் கருவி அவளுடைய கையிலேயே இருக்கிறது, ஆனால் அவளுடையது அல்ல. 2021 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கிடங்குத் தொழிலாளிக்கு அவருடைய இலக்கு என்னவென்று எழுத்தில் சொல்லவேண்டும். உணவு இடைவேளைக்கோ கழிப்பறைக்கோ போகமுடியாதபடி இலக்கு வைக்கக்கூடாது. 2022 ஜனவரி முதல் அமல். இருபத்தோராம் நூற்றாண்டில், உலகத்தின் ஆகப் பணக்கார மாநிலங்களில் ஒன்றில், சிறுநீர் கழிக்கும் நேரத்துக்குச் சட்டம்! அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளிகள் ஓட்டுப்போட்டுச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டில் ஒரு கூட்டு ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகவில்லை.

*

எல்லா இடத்திலும் ரோபோ வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைக்குப் பதில் சில இடங்களில் பெண்களைப் பூட்டினார்கள், அவர்கள் குதிரையைவிட மலிவு என்பதால் என்று அதே அத்தியாயத்தில் மார்க்ஸ் எழுதுகிறார். 2010இல் சீனாவின் ஷென்ஜனில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிகள் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அதன் தலைவர் டெர்ரி கோ, மூன்று வருஷத்தில் பத்து லட்சம் ரோபோ வைக்கப்போகிறோம் என்று அறிவித்தார். ரோபோ மாடியிலிருந்து குதிக்காது என்பதை அவர் சொல்லவில்லை. பத்து லட்சம் வரவில்லை. செல்போன் பொருத்தும் சங்கிலியின் ஒரு கண்ணி நம் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், விடுதி, பஸ், ஷிஃப்ட். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின், அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ரோபோ வைக்காத ஆலையும் ரோபோவின் வரலாற்றில் சேர்ந்ததுதான். 'நீங்கள் கேட்டால் எந்திரம் வந்துவிடும்' என்ற மிரட்டல் ஒரு பக்கம், 'எந்திரத்தைவிட நீங்கள் மலிவு' என்ற கணக்கு மறுபக்கம்.

எந்திரம் நிஜமாகவே வந்த துறைமுகம் ஒன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது: குமரி எல்லையைத் தாண்டியதும் வரும் விழிஞ்ஞம். 2024 ஜூலையில் முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது, 2025 மே மாதம் பிரதமர் வந்து திறந்து வைத்தார். கிரேனில் ஏறி உட்கார ஆள் வேண்டாம். தூரத்து அறையில் திரையைப் பார்த்து இயக்கலாம். அந்த அறையில் பக்கத்து ஊர்ப் பெண்களும், மீனவக் குடும்பத்துப் பெண்களும் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. அது நல்ல விஷயம்தான். தூக்கும் வேலை ஆணுக்கு என்று இருந்த சுவர் ஒன்று அங்கே இடிந்திருக்கிறது. அதே கரையில் 2022இல் மீனவர்கள், துறைமுகம் கடலரிப்பைக் கூட்டுகிறது என்று சொல்லி நான்கு மாதத்துக்கும் மேல் போராடினார்கள். அலைதடுப்புச் சுவருக்கு நம் குமரி மாவட்டத்து மலைகளிலிருந்தும் கல் போனது. ஆளில்லாத் துறைமுகம் என்று சொல்லும்போது இந்த ஆட்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2024 அக்டோபர் 1 அன்று, மெய்ன் முதல் டெக்சாஸ் வரை, சுமார் 45,000 துறைமுகத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். அங்கே உள்ள சங்கம் வேறு. ஊழலுக்கும் ரவுடித்தனத்துக்கும் பேர் போன பழைய வரலாறு அதற்கு உண்டு. தலைவர் ஹாரல்டு டாகெட்டின் சம்பளமும் வீடும் பத்திரிகைகளில் அடிபட்டன. முற்போக்காளர்களில் பலர்கூட, இது எதிர்காலத்தை மறிக்கும் கூட்டம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் அந்தச் சங்கம் கண்டெய்னர் வந்த காலத்திலேயே, 1966 முதல், நியூயார்க்கில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 1,600 மணிநேரக் கூலியை உத்தரவாதமாக வாங்கியிருந்தது. எந்திரம் மிச்சப்படுத்துவதை மணியாகவே எண்ணி வாங்கியவர்கள் அவர்கள். மொத்தத் தொகை பெற்ற மேற்குக் கரையை நம்மில் பலர் புரட்சிகரம் என்கிறோம். ரவுடிச் சங்கம் என்று ஒதுக்கிய கிழக்குக் கரை நல்ல கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறது. 2024இல் மூன்றே நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது: ஆறு ஆண்டுகளில் 62 சதவீதக் கூலி உயர்வு. எந்திரம் பற்றிய பேச்சு மட்டும் தனியாக ஜனவரி வரை போனது. முழுத் தானியக்கத்துக்குத் தடை தொடர்ந்தது. புதிய கிரேன்கள் வரலாம், வந்தால் கூடவே ஆட்களும் வரவேண்டும் என்று முடிவானது. 2025 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு ஏற்ற அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 2030 செப்டம்பர் 30 வரை.